ஒன்று தசம் ஆறு

யூன் 7, சனி

இன்றும் எங்கள் தோட்டத்தில் கூட்டம். பன்னிரண்டு விவசாயிகள், ஒரு பதாகை, பதாகையில் அப்பாவின் படம். 'முன்னோடி விவசாயி'. காலநிலை மாறுகிறதாம். அதற்கு ஏற்றபடி தோட்டம் செய்ய ஒரு விவசாயியிடம் இன்னொரு விவசாயி கற்க வேண்டுமாம். திட்ட அலுவலர் கீர்த்திகன் சேர் இதை ஒவ்வொரு முறையும் இப்போதுதான் கண்டுபிடித்தவர் போலச் சொல்வார்.

அப்பா பேசினார். பேசத்தானே பிறந்தவர். "படிச்சவன் சொன்னா நாங்கள் கேக்கமாட்டம். பக்கத்துத் தோட்டக்காரன் செய்து காட்டினாத்தான் கேப்பம்." மண்ணுக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டு, துளித்துளியாகத் தண்ணீர் விட்டு, குறைவாக இறைத்தால் கிணற்று உப்புத் தானாக இறங்குமாம். எங்கள் கிணற்று உப்பு மூன்று மாதத்தில் நாலிலிருந்து ஒன்று தசம் ஆறுக்கு வந்துவிட்டதாம். கைதட்டினார்கள்.

உப்பை மீற்றர் வைத்து அளப்பது நான். பதிவேட்டில் எழுதுவதும் நான். இன்று காலை அது காட்டியது நாலு தசம் ஒன்று. இரண்டைத் தாண்டினாலே வெங்காயம் கருகத் தொடங்கும்.

"ஒண்டு தசம் ஆறு எண்டு எழுது," என்றார் அப்பா.

எழுதினேன். அழகான எழுத்து என்று கீர்த்திகன் சேர் பாராட்டினார். மடையன்.

யூன் 8

4.1. கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலாவது சரியாக இருக்கட்டும். இதை அப்பா கண்டால் — வேண்டாம், நினைக்கவே வேண்டாம்.

யூன் 12

எங்கள் வெங்காயம் ஏன் பச்சையாக நிற்கிறது? விடிவதற்குள் கரம்பொனில் மாமி வீட்டு நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் நாலு பெரிய பரல் நிறையத் தண்ணீர் வந்துவிடுகிறது. அதனால்தான். யாரும் கேட்டால் மாட்டுக்கு என்று சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு கன்றுக்குட்டி. நாலு பரல் குடிக்க அது என்ன யானையா? அதைக்கூட ஒருவரும் கேட்கவில்லை. இந்தச் சனத்துக்கு எதைக் கற்றுக்கொடுத்து என்ன!

அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இரு. அப்பாவின்ரை மானம் போயிடும்."

யூன் 21, சனி

புதிதாக மேரிறோஸ் அக்கா வந்தார். அவருடைய கணவர் கிறிஸ்தோப்பர் அண்ணை முதுகெலும்பில் அடிபட்ட பிறகு கடலுக்குப் போவதில்லை. அக்காதான் மூன்று பரப்புக் காணி குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கப் போகிறாராம்.

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "மீனுக்கு உப்புப் போட்ட கை. வெங்காயம் நடுமோ?"

"உப்பைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தர வேண்டாம் அண்ணை. நீங்கள் வெங்காயத்தைப் பற்றிச் சொல்லுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா நிறுத்திவிட்டார்.

அக்காவின் கிணறு மூன்று தசம் ஒன்பது. "நீங்கள் செய்த மாதிரிச் செய்தா இறங்குமோ?"

"ஓம், ஓம். பயப்பிடாமல் நடும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீர்தானே அளக்கிறனீர். மெய்யா இறங்கினதோ?"

பதிவேட்டை நீட்டினேன். வாயால் எதுவும் சொல்லவில்லை. வாயால் சொல்லாவிட்டால் அது பொய்யில்லையாம். என்னைப் போல ஒரு கோழை இந்தத் தீவிலேயே கிடையாது.

யூன் 28

விதை வெங்காயம் வாங்குவதற்காக மேரிறோஸ் அக்கா வீட்டில் படகு எஞ்சினை விற்றுவிட்டார்கள். இன்று நட்டாயிற்று. அக்கா மட்டுமல்ல, குழுவில் இன்னும் ஏழு பேர் நட்டிருக்கிறார்கள்.

யூன் 29

சொல்ல வேண்டும். சொன்னால் பூவரசம் தடி. போன வருடம் முதுகில் விழுந்த தழும்பு இன்னும் போகவில்லை. எனக்கு ஏலாது. என்னாலை ஏலவே ஏலாது.

யூலை 16

மேரிறோஸ் அக்கா ஒரு பிடி வெங்காயத் தாளோடு வந்தார். நுனியெல்லாம் வெள்ளை. அப்பா அதை வாங்கி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பிடித்துப் பார்த்தார். "தண்ணி காணாது. இன்னும் விடும்."

இன்னும் விடும்! அந்த உப்புத் தண்ணியையே இன்னும்! அவர் பொய்யர் என்று தெரியும். தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்வார் என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

யூலை 17

பள்ளிக்கூடம் விட்டு நேரே அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். அவர் வாளியோடு நின்றார்.

"அக்கா, தண்ணி விடாதேங்கோ. எங்கடை கிணறு இறங்கேல்லை. நாலுக்கு மேலை. அங்கை விடுறது கரம்பொன் தண்ணி."

வாளியை வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன்.

"எப்ப தொடக்கம் தெரியும்?"

"முதல் நாள் தொடக்கம்."

"வீட்டை போம் பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

யூலை 19, சனி

கூட்டத்துக்கு அக்கா ஒரு பேசின் நிறையக் கருகிய வெங்காயம் கொண்டுவந்தார். பதாகையின் கீழே வைத்தார். "அண்ணையின்ரை கிணத்தை எல்லாருக்கும் முன்னாலை அளவுங்கோ." என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை.

கீர்த்திகன் சேர் அளந்தார். நாலு தசம் ஆறு. "மீற்றரிலை ஏதும் பிழை இருக்கலாம்," என்றார். மீற்றரில்! பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள் — எனக்கும் கருகினது, எனக்கும், எனக்கும். ஏழு பேரும் வெட்கத்தில் மறைத்து வைத்திருந்திருக்கிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிற குழு இது!

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "ஆர் சொன்னது?"

"நான்."

இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதுக்கு அம்மா நடுவில் வந்து நின்றார். "இனி அடிச்சா தெருவிலை நிண்டு கத்துவன், நாலு பரலும் கண்டுக்குட்டி குடிக்கேல்லை எண்டு."

தடி கீழே விழுந்தது. அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கும் தெரியாது.

யூலை 27

அப்பா என்னோடு பேசுவதில்லை. ஒருவரோடும் பேசுவதில்லை. கரம்பொனுக்கும் போவதில்லை. எங்கள் வெங்காயமும் வெளுக்கத் தொடங்கிவிட்டது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோசம். இருக்கட்டுமே.

ஓகஸ்ட் 9, சனி

நெடுந்தீவிலிருந்து ஒன்பது விவசாயிகள் பார்க்க வந்தார்கள். முன்பே ஏற்பாடான பயணம். கீர்த்திகன் சேர் தள்ளிப்போடப் பார்த்தார். "என்ரை தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார் மேரிறோஸ் அக்கா. "என்ன செய்யக்கூடாது எண்டு பாக்கட்டும்." மூன்று பரப்பில் அரைப் பரப்புக்கூட மிஞ்சவில்லை.

அப்பாவை ஒருவரும் அழைக்கவில்லை. ஆனாலும் வந்து வேலியோரம் நின்றார். இங்கேயும் பேச வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பேசத்தான் செய்தார்.

"நான் சொல்லித்தான் இவ நட்டவ. நான் சொன்னது பொய். அளவை மாத்தி எழுதச் சொன்னதும் நான்தான்."

குரல் மட்டும் அதே மேடைக் குரல். குற்றத்தைச் சொல்லும்போதும் கைதட்டலை எதிர்பார்க்கிற மனிசன். ஒருவரும் தட்டவில்லை.

வந்தவர்களில் வயதானவர் நாகமுத்து என்பவர். கருகிய தாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "அப்ப உந்தத் தண்ணிக்கு என்னத்தை வைக்கலாம் தம்பி?"

அப்பா வாயைத் திறந்தார்.

"தெரியாது," என்றார்.

பதினைந்து வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

நாகமுத்து வரம்பில் உட்கார்ந்தார். "எங்கடை பக்கம் ஒண்டு செய்து பாத்தனாங்கள். அதுவும் பிழைச்சுத்தான் போச்சு. ஆனா எங்கை பிழைச்சது எண்டு தெரியும். இரும், சொல்லுறன்."

குழுவில் எல்லோரும் கிட்டப் போய் அமர்ந்தார்கள். அப்பா வேலியோரத்திலிருந்து வந்தார். பிறகு அவரும் மண்ணில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு தடவைகூட வாய் போடவில்லை.

மேரிறோஸ் அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். அப்பாவுக்கும் கொடுத்தார். கடைசியாகத்தான்.