ஜமுக்காளத்தின் மேல் ஒரு ராக் பேண்ட்

டாக்டரம்மா,

காரில் ஏற்றுவதற்காக இன்று மதியம் உன் ஜமுக்காளத்தை எடுத்து உதறினேன். கராஜ் முழுக்கத் தூசி. பவானியிலிருந்து உன் அம்மா கொடுத்தனுப்பியது, சிவப்பும் பச்சையுமாய்ப் பட்டை போட்டது, இன்னும் சாயம் போகவில்லை. நடுவில் மட்டும் உன் டிரம்ஸின் கால்கள் அழுத்திய தடங்கள். சில இடங்களில் ஓட்டையே விழுந்திருக்கிறது. நாளை ஊர்த் தெருத் திருவிழாவில் நம் பேண்ட் மறுபடி வாசிக்கப் போகிறது. நீ போன பிறகு முதல் தடவை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பேண்டின் வரலாற்றை யாராவது கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். வசந்தத்தில் ஆரம்பித்தோம், அந்த வருடம் நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வருவதற்குள் முடித்துவிட்டோம். பல் டாக்டரான நீ டிரம்ஸ். ஐடிக்காரி நான் பேஸ் கிட்டார், பாட்டும் நான்தான். என் ஆபீஸ் பிரபு லீட் கிட்டார். மூன்று பேரும் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தோம் என்பதால் பேண்டுக்கு 'பெண்டிங்' என்று நீயே பெயர் வைத்தாய். வேறு பெயர் சொல்ல எங்களுக்கு நீ வாய்ப்பே தரவில்லை.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிட்டு, பிரிட்ஜ்வாட்டரில் இருந்த உன் வீட்டு கராஜுக்கு ஓடி வருவோம். அங்கே அவர்கள் அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, இங்கே நாம் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருப்போம். பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடப் போகும்போது என் தொண்டை கட்டியிருக்கும். ஒருநாள் பள்ளி வாசலில் ஓர் ஆன்ட்டி பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, நீங்க பேண்ட் வெச்சிருக்கீங்களாமே? பொங்கல் ஃபங்ஷன்ல ரெண்டு சினிமா பாட்டு பெர்ஃபார்ம் பண்ணலாம்ல? இந்த இங்கிலீஷ் எல்லாம் நமக்கு எதுக்கு?"

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "வாரம் பூரா கோவத்தை இங்கிலீஷ்லதானுங்க ஆன்ட்டி முழுங்கறோம். அதை இங்கிலீஷ்லயே துப்பிட்டு வந்தர்றோம். பொங்கலுக்குத் தமிழ்ல பாடறோமுங்க." அந்த வார்த்தையை வைத்துத்தான் நம்முடைய ஒரே சொந்தப் பாட்டு பிறந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் நாள் முழுக்கக் கேட்கிற 'யூ ஆர் ஆன் மியூட்' என்கிற வாக்கியத்தையே பல்லவியாக்கி எழுதினோம். நல்ல பாட்டு என்று நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அப்புறம் அந்தத் திருவிழா. டிரம்ஸ் நகராமல் இருக்க அடியில் கம்பளம் விரிப்பது எல்லா பேண்டும் செய்வதுதான். நீ ஜமுக்காளத்தை விரித்தாய். ஜமுக்காளம் விரித்த இடத்தில் செருப்போடு நமக்குக் கால் ஏறுமா? கராஜில் பழகிய பழக்கத்தில், மூன்று பேரும் மேடைப் படிக்கட்டில் ஷூவை வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு ஏறிவிட்டோம். யாருக்கும் அது உறைக்கவில்லை. தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நின்ற பிரபுதான் முதலில் கவனித்தான்.

"ஐயோ டாக்டர், ஷூ போடல. எல்லாரும் நம்ம காலையே பாக்கறாங்க. போய்ப் போட்டுட்டு வந்துடவா?"

"பாக்கட்டும். காது சும்மாதான இருக்குது, அது கேட்டுக்கும்" என்றாய்.

அறிவிக்க வந்த மனிதர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், நம் கால்களைப் பார்த்தார், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு 'தி பேர்ஃபுட் பேண்ட்', வெறுங்கால் பேண்ட், என்றார். அத்தோடு 'பெண்டிங்' ஒழிந்தது. முன்வரிசையில் புல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் தாங்களும் ஷூவைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வாசித்த இடத்திலெல்லாம் முதலில் நம் காலைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அன்றைக்கு நம் சொந்தப் பாட்டில் இரண்டாம் சரணம் வந்தபோது எனக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லை. மைக் முன்னால் மரம் மாதிரி நின்றேன். உன் அடி மட்டும் நிற்கவில்லை. அதே தாளம், திரும்பத் திரும்ப, அவசரமே இல்லாமல். நான் பயந்ததை அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்காதபடி நீ அடித்துக்கொண்டே இருந்தாய், வரி தானாக வந்து சேர்ந்தது. கீழே இறங்கி, சுட்ட சோளம் தின்றுகொண்டிருந்தபோது நான் ஸாரி என்று ஆரம்பித்தேன்.

"இதுக்கெல்லாமா ஸாரி? நீ மறந்தா மறந்துக்கடி. நீ வர்ற வரைக்கும் நான் அடிச்சுட்டேதான் இருப்பேன்."

இலைகள் உதிர்ந்த சமயத்தில் பிரபுவுக்கு டெக்ஸாஸுக்கு வேலை மாறியது. வேறு கிட்டார் ஆள் தேடலாம் என்றேன். குளிர்காலம் போகட்டும் என்றாய். அந்தக் குளிர்காலத்தில்தான் உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்தது. அதற்கடுத்த குளிர்காலத்தை நீ பார்க்கவில்லை. உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான், அழுகை அதற்குப் பின்னால் வருகிறது. எப்போதும் நான்தானே லேட்டாக வருவேன். நீ மட்டும் ஏன் சீக்கிரம் கிளம்பினாய்?

காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "இதைப் பாத்துட்டே இருக்க என்னால முடியலைங்க. விக்கவும் மனசு வரலை. நீங்க எடுத்துட்டுப் போயிருங்க" என்றார். டிரம்ஸையும் ஜமுக்காளத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீ விட்டுப்போன தடங்களில் டிரம்ஸின் ஒவ்வொரு காலையும் பொருத்தினேன், பொருந்தியது. உன் கால்கள் நீளம், எனக்குப் பெடல் எட்டவில்லை. பெடலை நகர்த்தாமல் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து சனிக்கிழமை காலைகளில் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு நாய்கூடத் தாங்காமல் குரைத்தது. இப்போது அது தூங்குகிறது. சும்மா சொல்லவில்லை, நன்றாகவே அடிக்கிறேன்.

போன மாதம் திருவிழாக் கமிட்டியிலிருந்து 'பேர்ஃபுட் பேண்ட்' வருமா என்று கேட்டு அழைத்தார்கள். பிரபுவுக்கு போன் போட்டேன்.

"டாக்டர் இல்லாம எப்படிங்க? வேணும்னா டிரம்ஸுக்கு ரெக்கார்டட் ட்ராக் போட்டுக்கலாமா?"

"ட்ராக் செருப்பைக் கழட்டுமா பிரபு? பாட்டு நீ பாடு. டிரம்ஸ்ல நான் உக்கார்றேன்" என்றேன். டிக்கெட் புக் பண்ணிவிட்டான். இன்று சாயங்காலம் வந்து இறங்குகிறான்.

நாளைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால், அன்றைக்கு நான் மறந்து நின்ற இடத்தில், பாட்டு இல்லாமல் டிரம்ஸ் மட்டும். பிரபுவிடம் சொல்லிவிட்டேன், நான் தலையாட்டும் வரை அவன் பாட மாட்டான். அதே தாளம், அவசரமே இல்லாமல். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் அடித்துக்கொண்டேதான் இருப்பேன்.