விக்கல் விசில்

பிப்ரவரி 9

என் செல்லத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஜுரம் விட்டுவிட்டது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று வாரமாக ஒரு வரி இல்லை. ராணுவ அதிகாரி ஆகப்போகிற துரைக்குப் பேனா பிடிக்க நேரமில்லை போலும்.

ஒரு விஷயம். சனிக்கிழமை நான் லீவு. என் பஸ்ஸில் எனக்குப் பதிலாகக் குடை அண்ணன் கண்டக்டராகப் போனார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிக்கெட் கிழிக்கச் சொல்லிக்கொடுத்தாரே, வெயிலோ மழையோ குடையோடு வருவாரே, அவர்தான். உங்கள் ராணுவக் கல்லூரிப் பையன்கள் நாற்பது பேர் யூனிபார்மோடு ஏறி, கூரையைத் தட்டிப் பாடி, பின் சீட்டு ஆட்களை எழுப்பி சல்யூட் அடிக்கவைத்து, அவர் குடையைத் துப்பாக்கி மாதிரித் தோளில் வைத்து நடந்து ஒரே அமர்க்களமாம். கடைசியில் எவனோ அவர் விசிலைப் பிடுங்கி இரண்டு முறை ஊதிவிட்டான். வண்டி கிளம்பிவிட்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்த தையல்காரம்மா விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

விசில் கண்டக்டரின் பொறுப்பு என்று குடை அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நீ அந்த வண்டியில் இருந்தாயா? ஊதியது யார் என்று தெரிந்தால் எழுது கண்ணா.

உன் அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் அந்த வண்டியிலேயே இல்லை. துணி வெளுக்கப் போட்டதை வாங்கப் போயிருந்தேன். இறுதித் தேர்வு முடிந்த குஷியில் பையன்கள் கொஞ்சம் ஆடியிருப்பார்கள், ஊர் அதற்குக் கண்ணு காது மூக்கு வைத்துவிட்டது.

மார்ச் 10 அணிவகுப்பு. அன்றைக்குத் தோளில் நட்சத்திரம் குத்திவிடுவது வீட்டு ஆட்கள்தான். அம்மா இடத்தில் எனக்கு நீதானே? இப்போதே லீவு சொல்லிவிடு. அந்த நீலப் புடவை கட்டிக்கொண்டு வா.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

புடவையைத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வண்டி டிரைவர் அண்ணன் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆபீஸ்ல இதை நான் சொல்லலம்மா. அன்னைக்குக் கேட்டது உன் விசில். நீ லீவுன்னே மறந்துபோச்சு. பழகின சத்தம், காலு தானா மிதிச்சிடுச்சு" என்றார்.

வண்டி கிளம்ப ஊதுகிற இரண்டு விசிலையும் எல்லோரும் நேராக ஊதுவார்கள். நான் மட்டும் முதலில் சின்னதாக ஒன்று, பிறகு நீளமாக ஊதி முடிவில் ஒரு விக்கல். டிப்போவில் 'விக்கல் விசில்' என்று கிண்டல் செய்வார்கள். அது யாருடையது? முன்பல் விழுந்த ஐந்து வயதில் என் விசிலைப் பிடுங்கி நீ ஊதியது. உன்னைச் சிரிக்கவைக்க நானும் அப்படியே ஊதி, அதுவே எனக்குப் பழக்கமாகிவிட்டது. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அது வரும்.

தையல்காரம்மாவைப் பார்த்தேன். "மிஷின் மிதிக்கிற காலும்மா இது" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். குடை அண்ணன் பேச்சு எடுபடவில்லை. யாரும் விசிலைப் பிடுங்கவில்லை என்று நாற்பது பேரும் ஒரே மாதிரி எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள்.

28ஆம் தேதி விசாரணை. நீயாக வந்து சொல்லிவிடு. நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

வேண்டுமென்று ஊதவில்லை. கையில் விசில் வந்தது, சத்தியமாகப் படியைப் பார்க்கவில்லை. சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்கள். மூன்று வருஷம் மண்ணாகப் போகும். குடை அண்ணனுக்கு ரிட்டயர் ஆக ஆறு மாதம்தானே இருக்கிறது? நீ மட்டும் வாயைத் திறக்காதே. உன் காலில் விழுகிறேன்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

நேற்று கடைசி நிமிஷம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். உள்ளே போய், அதிகாரிகள் மேசைக்கு முன்னால் நின்று ஊதிக் காட்டினேன். "இதுதான் அன்னைக்குக் கேட்டது" என்றார் டிரைவர் அண்ணன். வேறு யார் இப்படி ஊதுவார்கள் என்று கேட்டார்கள். "என் தம்பி" என்றேன்.

வெளியே வந்ததும் குடை அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் பையன்மா, விட்டிருக்கலாம்ல" என்றார். ஆறு மாதம்தானே என்று நீ எழுதினாயே, அவரைப் பற்றித்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழுதேனா, நான் வளர்த்த லட்சணத்துக்காக அழுதேனா, தெரியவில்லை.

உன்னை அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். நேராக வீட்டுக்கு வா. சாவி செருப்பு அலமாரிக்கு மேலேதான் இருக்கிறது, சோறு மூடி வைத்திருப்பேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் டூட்டிக்குப் போகிற நேரமாகப் பார்த்து வா. எனக்கும் உன்னைப் பார்க்கக் கொஞ்ச நாள் ஆகும்.

இன்று காலையிலிருந்து இரண்டையும் நேராக ஊதுகிறேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவர் அண்ணன் வண்டியை எடுக்காமல் திரும்பிப் பார்க்கிறார். "நான்தாண்ணே" என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா