மைக்கில் சொல்லாதது

பீளமேடு,
4.3.1996

அன்புள்ள அண்ணனுக்கு விமலாராணி எழுதுவது.

போன வருடம் ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து அடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்று திரும்ப வந்துவிட்டது. மறுபடி கரண்ட் வைக்க முடியாதாம். ஆனால் நடுவில் மட்டும்தான் இருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை, அதனால் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். கர்ப்பப்பை, மூத்திரப்பை, மலக்குடல் மூன்றையும் எடுத்துவிட்டு மூத்திரத்துக்கும் மலத்துக்குமாக வயிற்றின் மேல் இரண்டு பைகள் பொருத்துவார்கள். சாகும்வரை அவற்றோடுதான் இருக்க வேண்டும். பயமாக இருக்கிறது. இருபதாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டு ஆள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு எனக்கு நீங்கள்தானே? முந்தின நாளே வந்துவிடுங்கள்.

விமலா

வால்பாறை,
9.3.1996

கர்த்தருக்குள் தங்கை விமலாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணிக்குக்கூடக் காட்டவில்லை. இருபத்துநான்காம் தேதி நம் ஜெபக்கூட்டம். ஜெபத்தால் புற்றுநோய் தீர்ந்தவள் என்று உன் போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்து, எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. இப்போது போய் இப்படிச் சொன்னால் எந்த முகத்தோடு நான் மேடையேறுவது? உன் விசுவாசத்தில்தான் குறை. கூட்டம் முடிந்த பிறகு கையெழுத்தைப் பார்ப்போம். அதுவரை யாரிடமும் வாயைத் திறக்காதே.

ஞானாபரணம்

பீளமேடு,
13.3.1996

அண்ணனுக்கு,

என் விசுவாசத்தை அளக்க நீங்கள் யார்? போன வருடம் மேடையில் கரண்ட் வைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் எதுக்கு அம்மணி, சுகமானதை மட்டும் சொல்லு" என்று மைக்கை வாங்கிக்கொண்டீர்கள். நானும் தலையாட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

டாக்டரிடமே கேட்டேன். என் கையெழுத்தே போதுமாம். கூட இருக்கப் பக்கத்து வீட்டு ராசாத்தாள் வருகிறாள். நீங்கள் வர வேண்டாம்.

விமலாராணி

வால்பாறை,
2.5.1996

பிரியமான தங்கைக்கு,

பிழைத்து வீடு திரும்பினாய் என்று கேள்விப்பட்டேன். ஸ்தோத்திரம். கோபத்தை விடு. ஜூன் கூட்டத்தில் வந்து சாட்சி சொல். ஆபரேஷன் பேச்சு வேண்டாம். பைகள் சேலைக்குள் தெரியாதுதானே?

அண்ணன்

பீளமேடு,
10.5.1996

ஐயா,

உங்கள் லைனில் கொழுந்து பறிக்கும் மாசாணியம்மாளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அவளுக்கும் இதே நோய். போன வருடம் நான் பேசியதைக் கேட்டுவிட்டு வைத்தியத்தை நிறுத்தியிருக்கிறாள். இப்போது நுரையீரல்வரை போய்விட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பாத்துத்தானுங்க நிறுத்திப்போட்டேன். நீங்களாவது நல்லா இருக்கறீங்களே, அது போதுமுங்க" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஜூனில் வருகிறேன், உங்கள் மேடைக்கு அல்ல. லைனில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் இரண்டு பைகளையும் காட்டப் போகிறேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். நான் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்வேன்.

இனி எனக்கு எழுதாதீர்கள்.

விமலாராணி