பாலாறு கப்பலின் முப்பத்தோராம் பக்கம்

9 அக்டோபர் 2025, வியாழன்

முழங்கால் வலி. கொடியில் காய்ந்த சட்டை முழுக்க எண்ணூர் லாரிகளின் தூசி, மறுபடி துவைத்தேன். மதியம் காலித்தின் கூரியர் வந்தது. பாலாறு கப்பலில் என்னோடு இருந்தவன். இப்போது விசாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு அதன் சேவை வரலாற்றை எழுதுகிறான். இங்கிலாந்தில் கட்டியது, உலகப்போரில் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது, நம் கடற்படைக்கு வந்தது, கடைசியில் பழைய இரும்பானது, எல்லாம் அறுபது பக்கத்தில். "கொதிகலன் அறை ஆளுங்கள்ல நீ ஒருத்தன்தான் மிச்சம், சவரி. முப்பத்தோராம் பக்கத்தைப் பாத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்று ஒரு சீட்டு.

10 அக்டோபர்

பார்க்கவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து சில்வியா வவ்வால் மீன் குழம்போடு வந்தாள். அவள் அப்பன் ஃப்ரெடியும் நானும் ஒரே தெரு, ஒரே கப்பல். அவன் செத்தபோது இவள் எல்சியின் வயிற்றில் இருந்தாள். நான்தான் ஞானத்தகப்பன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை நைனா என்றுதான் கூப்பிடுகிறாள். ஐம்பத்து மூன்று வயதிலும் அதேதான்.

மேசையில் கிடந்த கவரைப் பார்த்துவிட்டாள். "இன்னா நைனா, கப்பல் புக்கா? எங்கப்பா பேரு இருக்குதா அதுல?"

"கண்ணாடி ஒடஞ்சிபோச்சும்மா, இன்னும் படிக்கல" என்றேன். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

13 அக்டோபர்

படித்தேன். "1971 டிசம்பர் 11. கொதிகலன் அறையில் நீராவிக் குழாய் வெடித்தது. பணியில் இல்லாத ஃப்ரெடி அனுமதியின்றி உள்ளே இருந்ததால் உயிரிழந்தார்." கடமையில் இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

அந்த மதிய வாட்ச், கொதிகலன் அறைப் பணிமுறை, என்னுடையது. எதிரி நீர்மூழ்கிக் கப்பல் சுற்றுகிறது என்று காலையிலிருந்தே பேச்சு. கீழே அடிபட்டால் ஏணி ஏறி வர முடியாது. வயிற்று வலி என்றேன். வலி இல்லை, பயம். "நீ மேல போய்ப் படு மாமு, நான் பாத்துக்கறேன்" என்றான் ஃப்ரெடி. இருபது நிமிடம்கூட ஆகவில்லை, குழாய் வெடித்தது.

விசாரணையில், கக்கூஸ் போயிருந்தேன், அவன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியாது என்றேன். போர் நேரத்தில் இடத்தை விட்டால் ஜெயில். இருபத்திரண்டு வயது — இதெல்லாம் ஒரு காரணமா?

"வேல இல்லாத எடத்துல அவனுக்கு இன்னா வேல?" என்று தெருவே எல்சியைக் கேட்டது. அவள் என்னிடம் வந்துதான் அழுதாள். நானும் தேற்றினேன். தூ.

18 அக்டோபர்

பாவசங்கீர்த்தனத்தில் மூன்று சாமியார்களிடம் சொல்லியிருக்கிறேன். மூவரும் மன்னித்துவிட்டார்கள். எல்சியிடம் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம்.

20 அக்டோபர்

காலித்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எழுத்துல குடு" என்றான். எழுதி அனுப்பினேன்.

புத்தகம் வந்ததும் சில்வியா தானே படித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. சே — மறுபடியும் இன்னொருத்தரைக் கீழே அனுப்பிட்டு நான் மேல போய்ப் படுக்கறதா?

21 அக்டோபர்

சில்வியா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"அம்மாக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன். கையைக் கழுவினாள்.

"நீ கெளம்பு."

26 அக்டோபர், ஞாயிறு

வரவில்லை. ரசம் வைத்துக்கொண்டேன்.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

போகலாமா என்று பத்து தடவை யோசித்துவிட்டு ஆட்டோ பிடித்துக் காசிமேடு கல்லறைக்குப் போனேன். ஃப்ரெடியின் சிலுவையில், காலித் அவளுக்கும் அனுப்பிய திருத்திய பக்கத்தை லேமினேட் செய்து சாய்த்து வைத்திருந்தாள் சில்வியா. கடமையில் இறந்தவன் என்று அவன் பெயர். இரண்டு வரி தள்ளி என் பெயரும், நான் செய்ததும். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து படித்தார்கள். நான் விலகி நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்து, வருடா வருடம் கொடுப்பதுபோல் ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினாள்.

"காத்து அடிக்குது. அணையாம புடிங்க, சார்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன்.