சுவருக்கு வெளியே படுத்திருக்கும் அப்பாவுக்கு

என் ஆசை அப்பா,

மாமா வீட்டுப் பின்கட்டில் சிமினி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்து அறையில் மாமா புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் விளக்கை அணைக்கக் கை போகிறது. பயமாக இருக்கிறது அப்பா. ஆனாலும் நாளைக்குச் செய்யப்போவதை உங்களிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

உங்களைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் பெறாதவனுக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்று மாமா சொன்னார். இந்த ஊர்க் கோயிலுக்கு, ஜெபமும் வேதமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் அவர்தான். பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒரு முறை பூசைக்கு வருவதோடு சரி. தன் அண்ணன் பேச்சை அம்மா மீறவில்லை. நான்தான் கத்தினேன்.

"அப்பா ஞானஸ்நானம் வாங்கிட்டாரு மாமா! நான்தான் ஊத்தினேன்!"

"உங்கப்பன் உடம்புதான் புள்ள செத்துது, வாயி சாகல" என்றார் மாமா. "கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு ஆயுசு பூரா சாமிய ஏசினவன். போறப்பவும் ஒரு கேலி பண்ணிட்டுப் போயிருக்கான். அதப் போயி நம்பிக்கிட்டு நிக்கற."

சாகக் கிடப்பவருக்கு, சாமியார் வந்துசேர நேரமில்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே? அதைக் கேட்டேன். பொட்டப்புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அறைந்தார்.

அப்பா, அன்றைக்கு அம்மா மாமாவைக் கூப்பிட ஓடியிருந்தார். நம் வாடகை வீட்டில் நாம் இரண்டு பேர்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"இத்தன வருசம் ஏசினவன் இப்ப வந்து நின்னா, உங்க சாமி உள்ள வுடுவாராம்மா?"

"வுடுவாருப்பா."

"உங்க மாமன் வுட மாட்டான்" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் சொன்னீர்கள்: "ஊத்திடு. உங்கம்மா வர்ற வரைக்கும் தாங்காது."

பதறிப்போய்க் கையில் கிடைத்த சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். "ஏம்புள்ள, கூழத் தெளிய வெச்ச தண்ணியிலயா என்னைய வேதத்துல சேக்கற? செல்லாதும்மா. நல்ல தண்ணியாக் கொண்டா."

நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? லத்தீன் பூசை தமிழுக்கு மாறியதிலிருந்து, எங்களைச் சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கோயில் ஜன்னலுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களே, அப்போது கேட்டதா? இல்லை, நான் வீட்டில் உருப்போட்டதைத் தூங்குவதுபோல் படுத்துக்கொண்டு கேட்டீர்களா?

பானைத் தண்ணீரை மொண்டு வந்தேன். 'முனியப்பா, உன்னை' என்று சொல்ல வேண்டும். பெற்ற தகப்பனைப் பேர் சொல்லி அழைக்க நாக்கு எழவில்லை. "சொல்லும்மா, கோச்சுக்க மாட்டேன்" என்றீர்கள். சொன்னேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, மூன்றையும் விடாமல் சொல்லித்தான் ஊற்றினேன். தண்ணீர் உங்கள் காதுக்குள் போனது. நீங்கள் துடைக்கவில்லை. என் கையையும் விடவில்லை.

அது கேலியா அப்பா? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சிரித்தீர்கள் என்பது உண்மை. ஆனால் சிரிக்காமல் நீங்கள் எதைச் சொல்லியிருக்கிறீர்கள்? எனக்கு அம்மை போட்டிருந்தபோது விடிய விடிய வேப்பிலை விசிறிக்கொண்டு, அப்போதும் சிரிப்புக் காட்டிக்கொண்டுதானே இருந்தீர்கள்? அது பொய்யா?

"நாங்க காலமெல்லாம் ஒருசந்தி பட்டினி இருந்தோம், ஜெபமாலை உருட்டினோம். இவன் கடைசி மூச்சுல ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டு எங்களுக்குச் சமமா வந்து படுப்பானா?" என்று ஊரில் எல்லாரிடமும் மாமா கேட்கிறார். ரேஷன் கடை வரிசையில் முதலில் நிற்கிறவர் பேசுவதுபோல் இருக்கிறது. கடையில் சர்க்கரை தீர்ந்துபோகும். கடவுளின் இரக்கமும் தீர்ந்துபோகுமா? கடைசியாக வந்தவருக்கு முழுதாகக் கொடுத்தால் மாமாவுக்கு எதில் குறைந்துபோகிறது?

பாப்பாரப்பட்டியில் உங்கள் சைக்கிள் கடை பூட்டிக் கிடக்கிறது. சந்தைக்கு வருகிறவர்கள் பஞ்சர் ஒட்ட வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அம்மா யாரிடமும் பேசுவதில்லை. "வாய மூடிக்கிட்டு இருடி, நமக்குப் போக வேற வூடு இல்ல" என்று என்னிடம் மட்டும் சொல்கிறார்.

நாளைக்குச் சாமியார் வருகிறார். நான் அவரிடம் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு ஆடு மேய்க்க அனுப்புவேன் என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்கிறவர் அவர். ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துபோகலாம்.

ஆனாலும் எழுந்து நிற்பேன் அப்பா. பூசை முடிந்து சனம் கலைவதற்குள், எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். கூழ்த் தண்ணீர்க் கதையையும் மறைக்க மாட்டேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சாமியார் நம்பாவிட்டால் அடுத்த மாதமும் அவர் வந்துதானே ஆக வேண்டும்? ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாவது வழியில் நின்று மறுபடியும் சொல்வேன். உங்களைத் தோண்டி எடுத்து உள்ளே கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்ச மாட்டேன். நீங்கள் இருக்கிற இடத்திலேயே இருங்கள். சுவரை இடித்து, உங்களுக்கு அந்தப் பக்கமாகக் கட்டச் சொல்வேன். கட்டும் வரைக்கும் விட மாட்டேன்.

உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த,
நீங்கள் பெற்ற மகள்,
மரியபுஷ்பம்