யார் பார்த்தது என்ற கட்டம்

இன்று சாயங்காலம் டயர் எரிகிற நாற்றம் வந்தது. கொருக்குப்பேட்டை ரயில் யார்டு ஓரத்தில் யாரோ ஒயரை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கொடியில் மிச்சமிருந்த துணி கடலைப் பார்த்துப் பறந்தது, மேற்குக் காற்று. இடுப்பிலிருந்து போனை எடுத்து ராடார் படத்தைத் திறந்தேன். மழை இல்லை, மேகம் இல்லை, படம் காலி. மூடினேன். மறுபடி திறந்தேன். கீழே வந்து அரிசி களைந்தேன். களைந்ததை அடுப்பில் ஏற்றாமல் மறுபடி மாடிக்குப் போனேன். உன்னிடம் இதைச் சொல்லாமல் என் கால் ஒரு இடத்தில் நிற்காது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. ஏப்ரல் திரும்பி வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றைக் குத்தித் தின்ற பறவைகள் கிளம்புகிற மாதம். இந்த மாதம் வந்தாலே உனக்கு வீடு தங்காது. இப்போது எனக்கும் தங்கவில்லை.

நம் பழக்கமே ஒரு விழுந்த காலில் ஆரம்பித்தது. கழிமுகக் கரையில் வழுக்கி விழுந்து, வீங்கின கணுக்காலோடு வண்ணாரப்பேட்டையில் நீ எக்ஸ்ரே எடுக்கிற கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு வந்தேன். எப்படி விழுந்தாய் என்று கேட்டாய். உள்ளான் பறவையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன் என்றேன். "எந்த உள்ளான்?" என்றாய். எந்தக் கால் என்று அதற்கு அப்புறம்தான் கேட்டாய். நாற்பது வயதில் ஒரு சிநேகிதி கிடைப்பாள் என்று நான் நினைத்ததில்லை. அதுவும் என்னைவிடக் கிறுக்கு பிடித்தவளாக.

அதற்கப்புறம் ஏழு வருடம் ஞாயிற்றுக்கிழமை என்றால் கழிமுகம்தான். நண்டு பிடிக்கிற அண்ணன் ஒருவர் முதல் நாள் கேட்டது உனக்கு நினைவிருக்கும். "இன்னாம்மா ரெண்டு பேரும் சேத்துல தேடிகினு கீறீங்க, செயின் எதுனா வுயுந்துச்சா?" நீ கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்காமலே, "ஆமாண்ணா, உள்ளான் கய்த்துல போட்டேன், தூக்கினு பறந்துடுச்சி" என்றாய். அதிலிருந்து அவர் நம்மைப் பார்க்கும்போதெல்லாம் செயின் கிடைத்ததா என்று விசாரிப்பார். போன மாதமும் விசாரித்தார். நீ எங்கே என்றும் கேட்டார்.

உன் அம்மா மக்காவுக்கு உம்ரா போய்வந்து கொடுத்த, விரலில் மாட்டுகிற சின்ன எண்ணும் மிஷினை வைத்துத்தான் பறவைகளை எண்ணுவாய். தஸ்பீஹ் ஓதுவதற்கு வாங்கி வந்தது. "அல்லா பேர எண்றதுக்குக் குடுத்தா இவ கொக்க எண்ணிகினு கீறா" என்று அவர் என்னிடம் முறையிட்டார். "அவன் படைச்சததானம்மா எண்றேன்" என்று சொல்லிவிட்டு நீ படி இறங்கிவிட்டாய். பின்னாலேயே நானும் ஓடி வந்தேன்.

நீ எண்ணுவாய். நான் தொலைவில் இருப்பதற்குப் பேர் சொல்வேன். நோட்டு உன்னுடையது. எக்ஸ்ரே ரிஜிஸ்டர் மாதிரியே கட்டம் போட்டு வைத்திருந்தாய்: தேதி, இடம், காற்று, பறவை, எத்தனை, யார் பார்த்தது. கடைசிக் கட்டத்தில் நீ கறார். ஒருத்தி மட்டும் பார்த்திருந்தால் ஒருத்தி பெயர் மட்டும்தான். மீன்கொத்தி ஒன்று பாலத்தடியில் போனதை நான் மட்டும் பார்த்த அன்று, போனால் போகிறது, உன் பெயரையும் போட்டுக்கொள் என்றேன். நீ பேனாவை மூடிவிட்டாய். "நீ பாத்தா நான் பாத்ததா ஆயிடுமா?"

நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்குள் ராடாரைக் கொண்டுவந்தவள் நான்தான். துறைமுகக் கட்டடத்தின் தலையில் இருக்கிற வெள்ளைப் பந்தை ராயபுரம் பாலத்திலிருந்து சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். மழை வருமா என்று சொல்லும், அவ்வளவுதான் தெரியும். மழைத்துளியில் பட்டுத் திரும்புகிற அலை, கூட்டமாகப் போகிற பறவை மேல் பட்டாலும் திரும்பும் என்று எங்கேயோ படித்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மழை இல்லாத நாளில் படத்தில் நீலமாகப் பொடி தூவினாற்போல் எது தெரிந்தாலும் அது பறவைதான் எனக்கு. ஒரு விடியற்காலை கடலோரம் நீலம் நீலமாகக் கண்டுவிட்டு, நீள அலகுக் கருவால் மூக்கன் கூட்டம் என்று உன்னை எழுப்பி ஆட்டோவில் ஏற்றி எண்ணூர் வரை இழுத்துக்கொண்டு போனேன். கரையில் ஒரு சிறகு இல்லை. கடலில் துறைமுகத்துக்குள் போக முறை வராமல் பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. நீ படத்தையும் கடலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய். "மூக்கன்னு சொல்லி கப்பல எண்ண இட்டுகினு வந்துகீற. இது சைபீரியாக்குப் போவாதுமே, சிங்கப்பூருக்குப் போவும்." திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தாய். ஆட்டோக்காரரும் சேர்ந்துகொண்டார். அவருக்கு விஷயமே தெரியாது.

நிழலைப் பார்ப்பதுதான் உன் பிழைப்பு. அதனாலேயே நிழலை நீ சுலபத்தில் நம்பமாட்டாய். படம் எடுப்பது என் வேலை, என்னவென்று சொல்வது டாக்டர் வேலை என்பாய். ராடாரைப் படிக்க நீ எனக்கு வைத்த விதி ஒன்றே ஒன்று. "காத்து எந்தப் பக்கம்னு மொதல்ல பாரு. காத்தோட போனா பூச்சி, பொகை, தூசி எது வேணா இருக்கலாம். காத்துக்குக் குறுக்கால போனாத்தான் அதுக்குச் சொந்தமா ரெக்க கீதுன்னு அர்த்தம்." அப்போதும் நோட்டில் ஏற்றமாட்டாய். "போன் காட்னா அது போன் பாத்தது. நீ இன்னா பாத்த, அத்தச் சொல்லு."

இதற்கப்புறம் எழுதுவது கஷ்டம். போன வருடம் மார்ச்சில் கூட வேலை செய்கிறவளைவிட்டு உன் மார்பைப் படம் எடுக்கச் சொல்லி, நீயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாய். எனக்குப் போனில் சொன்னது, "நெஞ்சுல நெயல் கீது" என்கிற மூன்று வார்த்தை. அடுத்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததற்கு நீ சந்தோஷப்பட்டாய். எதிர்க் கட்டடத்தின் மாடியில் துணி காய்வது மட்டும்தான் அங்கிருந்து தெரிந்தது.

ஏப்ரல் நடுவில் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "இந்த வாரம் கெளம்பிடும்மே. கருவால் மூக்கனுங்க. நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு." நீ என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். மருந்து வாங்கி வா என்றோ, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றோ கேட்கவில்லை.

நான் போகவில்லை. உடம்பு சரியில்லை, வேலை என்று எந்தச் சாக்கும் இல்லை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் என் வேலை அன்று நான்கரைக்கே முடிந்துவிட்டது. பஸ் ஏறினால் அரை மணியில் கழிமுகம். பஸ்ஸும் வந்து நின்றது. நீ இல்லாமல் அந்தக் கரையில் தனியாக நின்று பார்த்துவிட்டால், நீ இல்லாமல் நிற்பதற்கு நானே ஒத்திகை பார்த்ததாகிவிடும் என்று பயந்தேன். எண்ணூர் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடியில் உட்கார்ந்து ராடாரைத் திறந்தேன்.

படத்தில் நீலம் இருந்தது. சூரியன் இறங்குகிற நேரத்தில் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கொத்து நீலம் புறப்பட்டுக் கிழக்கே கடலுக்கு மேல் போனது. அடுத்த படத்தில் இன்னும் தூரம். வடக்கே போக வேண்டிய பறவை ஏன் கிழக்கே போகிறது என்று மனதில் ஒரு மூலை கேட்கத்தான் செய்தது. கடலுக்கு மேல் ஏறித்தான் திரும்பும் என்று அதன் வாயை அடைத்தேன். துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. உடனே உனக்குப் போன் செய்தேன்.

"கெளம்பிடுச்சி" என்றேன்.

"எங்கேர்ந்து பேசற?"

"பாலத்துக்கிட்ட. இப்பத்தான் ஏறிச்சி. கண்ணால பாத்தேன்."

"எத்தினி?"

"நானூறு இருக்கும்."

நீ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "காத்து எப்டி கீது?" என்றாய்.

"தெக்குக் காத்து" என்றேன். ஏப்ரல் சாயங்காலத்தில் நம் பக்கம் வேறென்ன காற்று அடிக்கும் என்கிற தைரியத்தில் சொன்னேன்.

"சரிமே. எய்திக்கிறேன். நீ பத்திரமா வூட்டுக்குப் போ."

மறுநாள் யார்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மணலிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பழைய டயர் குடோன் முந்தின நாள் சாயங்காலம் பற்றிக்கொண்டதாம். திடீரென்று மேற்குக் காற்று கிளம்பி, புகை எண்ணூரைத் தாண்டிக் கடலுக்குள் போனதாம். என் கையிலிருந்த டீ ஆறும்வரை அங்கேயே நின்றேன். நான் உனக்குக் கொடுத்த நானூறு பறவை டயர்ப் புகை.

உன்னிடம் சொல்லிவிட இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளும் வந்தேன். கால் பிடித்துவிட்டேன், ஆரஞ்சு உரித்தேன், உன் அண்ணனோடு சண்டை போட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை. நீயும் பறவையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் விடியும்போது உன் அண்ணன் போன் செய்தார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய அன்று உன் வீட்டுக்கு வந்தபோது அவர் நோட்டையும் எண்ணும் மிஷினையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இத்த உன்னாண்டதான் குடுக்கச் சொல்லிகினே இருந்தா" என்றார். வாங்கி வந்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். எட்டு மாதம் அந்தப் பையை நான் தொடவில்லை. அந்தப் பொய்யை நம்பிக்கொண்டே நீ போனாய் என்பதை உன் கையெழுத்தில் படிக்க எனக்குத் திராணி இல்லை. போன பிப்ரவரியில் ஒரு நாள் டிரம்மை நகர்த்தும்போது பை சரிந்து விழுந்து, நோட்டு தானாக விரிந்தது.

கடைசி வரி அது. எழுத்து கோணல்மாணலாக, கட்டத்துக்குள் நிற்காமல் இருந்தது. தேதி. இடம்: எண்ணூர்க் கழிமுகம். காற்று: மேற்கு. பறவை: கருவால் மூக்கன். எத்தனை: 400. யார் பார்த்தது என்ற கட்டத்தில்: ராடார்.

எதிர் மாடித் துணி உன் ஜன்னலுக்கு நேரே மேற்குக் காற்றில் பறந்துகொண்டிருந்ததே. நான் பொய் சொல்லும்போது நீ அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய். நான் பாலத்தில் இல்லை என்பது, பேச்சு முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் வீட்டில் இருந்தவளைப் பத்திரமாக வீட்டுக்குப் போ என்று சொன்னாய்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ நன்றாகத் திட்டுவாய். ஏழு வருடம் வாங்கியிருக்கிறேன். அந்த வரியை அடித்துப் போட்டிருந்தாலும் புரிந்திருக்கும். அடிக்கவும் இல்லை, என் பெயரைப் போட்டு என்னோடு சேர்ந்து பொய் சொல்லவும் இல்லை. உன் வழக்கப்படி உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டாய். அது கோபமா, பாசமா? பிப்ரவரியிலிருந்து இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

இந்த மாதம் முதல் தேதியிலிருந்து வேலை முடிந்ததும் நேரே கழிமுகம்தான். முந்தாநாள் கிளம்பின. தண்ணீர் ஏறி, சேற்றுத் திட்டு சுருங்கி, கருவால் மூக்கன்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஆறு மணி தாண்டியதும் ஒன்று கூவியது. அப்புறம் எல்லாம் கூவின. ஒரே வீச்சில் எழும்பி, அனல்மின் நிலையப் புகைபோக்கி உயரத்துக்கு இரண்டு சுற்றுச் சுற்றி, வரிசை பிடித்து வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் போயின. உன் மிஷினை விரலில் மாட்டியிருந்தேன். தென்கிழக்குக் காற்று, என் முந்தானையைப் பார்த்துச் சொல்கிறேன். அறுபத்து மூன்று. நானூறு இல்லை. கூட்டம் புள்ளியாகி மறையும்வரை பார்த்தேன். நீ பக்கத்தில் இல்லை. நான் பயந்ததெல்லாம் சரிதான், அது அப்படியேதான் வலித்தது.

பழக்க தோஷம், ராடாரைத் திறந்தேன். காலி. பத்து நிமிடம் காத்திருந்து அடுத்த படத்தையும் பார்த்தேன். அதுவும் காலி. புகைக்கு அவ்வளவு நீலம் காட்டிய படத்தில் என் அறுபத்து மூன்றுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நண்டுக்கார அண்ணன் தூரத்திலிருந்து பார்த்தார். அன்றைக்குச் செயினைப் பற்றிக் கேட்கவில்லை.

உன் வரியை நான் தொடவில்லை. அதற்குக் கீழே என் கையால் முதல் தடவையாக ஒரு வரி எழுதினேன். கடைசிக் கட்டத்தில் என் பெயர். உன் பெயரையும் பக்கத்தில் போட்டுவிடக் கை துடித்தது. பேனாவை மூடிவிட்டேன்.

இந்தக் கட்டம் என்னை எங்கேயும் விடுவதில்லை. யார்டில் கன்டெய்னர் சீல் பார்த்தாச்சா என்று கேட்டால் முன்பெல்லாம் நாற்காலியிலிருந்தே தலையாட்டுவேன். இப்போது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறேன். உனக்கென்ன பேய் பிடித்திருக்கிறதா என்கிறார்கள்.

மணி ஏழாகப்போகிறது. நாற்றம் இன்னும் போகவில்லை. ரயில் யார்டு ஓரத்தில் யாரோ ஒயர் எரிக்கிறார்கள் என்று மேலே எழுதிவிட்டேன். நான் அதைப் பார்க்கவில்லை. செருப்பு மாட்டிக்கொண்டேன், போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.