எதிர்ப்புக் குறிப்புக்கு வந்த பதில்

ஆர்லிங்டன், வர்ஜீனியா
மார்ச் 9

அன்பு மகள் கோரினுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்குக் குறையொன்றுமில்லை, நியூசிலாந்தில், வெலிங்டனில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், உன் அம்மா போனபின் அப்படி நினைத்துக்கொள்ளும் வேலையும் என்னுடையதாகிவிட்டது. முழங்கால் வலி தேவலை. இரவுக்குப் பெரும்பாலும் டப்பா சூப்தான், திட்டாதே.

போன கோடையில் நீ கேட்டாயே, "இத்தனை வருஷமா அரசாங்கத்துக்குள்ள இருந்து என்னப்பா மாத்துனீங்க?" என்று, அன்று கோபம் வந்து கத்திவிட்டேன், அதன்பின் நீ போன் செய்வதே குறைந்துபோனது. ஜனவரியில் ஒரு காரியம் செய்தேன். என் வேலைக்காக நாம் போய் இருந்த, நீ நடை பழகிய அந்தத் துறைமுக ஊர்மேல் குண்டு போடும் அரசுக்கே நம் நாடு இன்னும் குண்டு விற்கப்போகிறது என்று தெரிந்தது, கூடாது என்று எதிர்ப்புக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன், எங்கள் வெளியுறவு வேலையில் அதற்கு முறையான வழி உண்டு, யாரும் தண்டிக்கமாட்டார்கள். ஒன்பது பக்கம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மீன் சந்தைக்குப் போவாரே பக்கத்து வீட்டு இத்ரீஸ், அவர் தெருவரைக்கும் எங்கெங்கே குண்டு விழுந்தது என்று எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, கவனமாகப் பரிசீலித்தார்களாம், நன்றியாம். மறுநாள் மேலதிகாரி லென்னர்ட் கூப்பிட்டுக் கை குலுக்கினார். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க வாரன். இப்ப இந்த விற்பனை ஏன் சரின்னு செனட்டுக்கு ஒரு விளக்கம் வேணும், அந்த ஊரை உங்கள விட யாருக்குத் தெரியும்?" என்றார். கேலியில்லை, மனதாரத்தான் சொன்னார், அதைத்தான் தாங்க முடியவில்லை. மாட்டேன் என்றேன். பரவாயில்லை என்று அடுத்த மேசை டெல்பர்ட்டிடம் கொடுத்தார், அவன் என் ஒன்பது பக்கத்திலிருந்தே விவரமெடுத்து மதியத்துக்குள் முடித்துவிட்டான். உள்ளிருந்து வந்த எதிர்ப்பையும் கேட்ட பிறகே முடிவெடுத்தோம் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிதானம்மா நான். விற்பனை நிறைவேறிவிட்டது. எல்லாரும் தோளில் தட்டுகிறார்கள், சாப்பாட்டு வேளையில் யாரும் எதிரில் உட்காருவதில்லை. திங்களன்றும் போவேன், எதற்கென்று தெரியவில்லை.

நேற்று இத்ரீஸுக்குப் போன் போட்டேன். லைன் கிடைத்தது. கோரின் எப்படி இருக்கிறாள், கல்யாணம் ஆயிற்றா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுதியதைச் சொல்லவில்லை, சொன்னால் நன்றி சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

அங்கே குளிர் தொடங்கும், நல்ல கோட்டாக ஒன்று வாங்கிக்கொள். கடவுள் உன்னைக் காப்பாராக. சண்டை போடவாவது ஒருமுறை கூப்பிடு.

உன் அப்பா,
வாரன் ஹாஸ்கெல்